ராக்காயியின் வெள்ளை நாம்பன்

ராக்காயியின் மாடு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொண்டே வந்தது. முதன்முதல் அவள் அதைப் பற்றிச் சொன்னபோது அது வெறும் மாடு. அகதி முகாமிலிருந்து முள்ளியவளைக்கு வந்து தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே குந்தியிருந்த காலத்தில் அதற்கு வெள்ளை நிறம் வந்தது. மகள் சுகந்தினிக்குக் கலியாணம் பேசி வந்த கிழமை, நெற்றியில் சுட்டியும் வலப்பக்கம் வளைந்த கொம்பும் முளைத்தன. பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு மாட்டுக்கு ஒரு சொந்தக்காரனும் வந்து சேர்ந்தான். ஒட்டுசுட்டானில் இருந்தானாம், இப்போது கனடாவிலாம். இப்படியொரு நாம்பன் மாடு எந்தப் பட்டியிலும் நின்றதில்லை என்பது ராக்காயிக்கும் தெரியும், சுகந்தினிக்கும் தெரியும். தாயும் மகளும் அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு நாளும் கதைத்ததில்லை.

மாட்டை முழுமனதாக நம்பிய ஒரே ஆள் சுகந்தினியின் புருஷன் சுமன்தான். நம்பினது மட்டுமில்லை, போகிற வருகிற இடமெல்லாம் அதை ஓட்டிக்கொண்டும் திரிந்தான். மனிசியின் வயிற்றில் நெடுக்காக ஒரு தழும்பு இருக்கிறதென்றால் அதை மறைக்கிற சாதி ஆள் அவன் இல்லை. "என்ர மனிசி நாம்பனோட மல்லுக்கட்டித் தப்பினவள்," என்று சொல்லுவதில் அவனுக்கு ஒரு பெருமை.

அன்றைக்குக் கிளினிக்கிலும் அவன்தான் முந்திக்கொண்டான்.

சுகந்தினிக்கு இது மூன்றாவது பிள்ளை. மூத்தவள் தாட்சாயினியையும் இளையவன் சாருஜனையும் வெட்டித்தான் எடுத்தார்கள். சாருஜனை எடுத்த டொக்டர், "உள்ளுக்கு எல்லாம் ஒட்டிக் கிடந்தது, பிரிக்கப் பெரும்பாடாய்ப் போச்சு, இதோட நிப்பாட்டுங்கோ," என்று சொல்லித்தான் அனுப்பினார். நிப்பாட்டித்தான் இருந்தார்கள். எப்படியோ வந்துவிட்டது. வந்ததை வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த டொக்டர் சுரேகா அவளைக் கட்டிலில் படுக்கவைத்து அடிவயிற்றைப் பார்த்தார். குறுக்கே ஓடிய தழும்பின் நடுப்பகுதி தைத்த தலையணை மாதிரிக் குழிந்திருந்தது. இரண்டு விரலால் தோலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். குழி அசையவில்லை.

"இது பிள்ளை எடுக்க சீசர் செய்த வெட்டு. ரெண்டு முறையும் ஒரே இடத்தில வெட்டியிருக்கினம். இந்த நெடுக்கு வெட்டு என்ன?"

"மாடு முட்டினது டொக்டர்," என்றான் சுமன், திரைச்சீலைக்கு அங்கால் நின்று. "வெள்ளை நாம்பன். குடல் சரிஞ்சுபோச்சு. மாமி சீலையைக் கிழிச்சுக் கட்டித்தான் தூக்கிக்கொண்டு ஓடினவா."

டொக்டர் அந்த வெட்டு ஓடிய வழியே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "மாட்டுக் கொம்பு இப்பிடி நேர்கோடு கீறாது தம்பி," என்றார். "இது ஆரோ கத்தி வைச்சு வயித்தைத் திறந்த வெட்டு. தையல் போட்ட அடையாளமும் இருக்கு."

சுமன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

டொக்டர் ஸ்கான் மெசினை வயிற்றில் வைத்து, மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார். இன்னொருக்கா இழுக்கச் சொன்னார். "மூச்சு விடேக்கை கர்ப்பப்பை வழுக்கி அசையவேணும். உங்கட அசையுதில்லை. முன்பக்கச் சுவரோட ஒட்டிப் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு முறையும் வெட்டி ஆறேக்கை உள்ளுக்கு ஒண்டோட ஒண்டு ஒட்டும். தோல் இப்பிடி உள்ளுக்கு இழுபட்டிருந்தால் நாங்கள் யோசிக்கத்தான் வேணும். எல்லாருக்கும் அப்பிடி எண்டில்லை, வெளியில நூல் மாதிரித் தழும்பு, உள்ளுக்கு முழுக்க ஒட்டல், அப்பிடியும் பாத்திருக்கிறன். எனக்கு இப்ப தெரியவேண்டியது இந்த நெடுக்கு வெட்டிலை என்ன செய்தவை எண்டது. குடலை வெட்டினவையோ? எந்தப் பக்கம்?"

"தெரியாது டொக்டர்," என்றாள் சுகந்தினி. அது உண்மை. கடைசி யுத்தத்தில், பதினாறு வயதில், உடையார்கட்டில், தண்ணிக் கானோடு வரிசையில் நின்றபோது அவள் வயிற்றில் பட்டது வெடித்த செல் குண்டின் துண்டு. சத்தம் கேட்டது ஞாபகம். பிறகு கண் முழித்தது ஒரு பள்ளிக்கூட வாங்குப் பலகைக்குக் கீழே, பாயில். இடையில் என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் ராக்காயி. ராக்காயியைக் கேட்டால் மாடு வரும்.

"பிள்ளைக்குச் சாப்பாடு போற இளங்கொடியும் பழைய தழும்புக்கு மேல வந்திருக்கு. அது உள்ளுக்கு இறங்கியிருக்கோ எண்டு பாக்க யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப் போறன். காந்தத்தாலை எடுக்கிற ஸ்கான். உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இல்லைத்தானே?"

"மாட்டிட்டை எங்கால இரும்பு?" என்றான் சுமன் மெதுவாக.

டொக்டர் அவனைப் பார்க்கவில்லை. சுகந்தினியைத்தான் பார்த்தார். "தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. தெரியாமல் கத்தி வைச்சால் குடல் வெட்டுப்படும், ரத்தம் நிக்காது. வீட்டில ரெண்டு பிள்ளையள் உங்களைப் பாத்துக்கொண்டு இருக்கினம்."

வரும்போது சுமன் மோட்டார் சைக்கிளை நடக்கிற வேகத்தில் ஓட்டினான். வழக்கமாகப் பள்ளத்துக்குப் பள்ளம் ரோட்டுக் கொந்தராத்துக்காரனைத் திட்டிக்கொண்டு வருகிறவன் வாயே திறக்கவில்லை. தண்ணீரூற்றுச் சந்தி தாண்டிய பிறகுதான் கேட்டான்.

"மாடில்லையோ?"

"இல்லை."

"செல்லோ?"

"ஓம்."

"எனக்குமோ சொல்லக்கூடாது?"

அவள் அவன் முதுகில் நெற்றியை வைத்தாள். "முகாமுக்குள்ள போகேக்கை காயத்தோட வந்த பொம்பிளைப் பிள்ளையளை ஆமிக்காரர் மறிச்சுத் தனியக் கூட்டிக்கொண்டு போனவை. இயக்கத்தில எந்தப் படையணி எண்டு கேட்டு. அப்ப அம்மா சொன்னது. பிறகு அதை எப்பிடி நிப்பாட்டுறது எண்டு எங்களுக்குத் தெரியேல்லை."

"ஊர் முழுக்க நான் மாட்டுக்கதை சொல்லித் திரிஞ்சனான். சனம் என்னைப் பாத்து எப்பிடிச் சிரிச்சிருக்கும்."

"ஒருத்தரும் சிரிச்சிருக்கமாட்டினம். இஞ்ச எல்லாற்ற வீட்டிலையும் ஏதோ ஒரு மாடு நிக்குது."

வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டு, சாப்பிடாமல் வயலுக்குப் போய்விட்டான்.

வயலும் அவனை நிம்மதியாக விடுகிற நிலையில் இல்லை. நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. தை பிறந்தும் மழை விட்டபாடில்லை, காலையில் வெயிலைக் காட்டி மத்தியானத்தில் கறுத்துக்கொண்டு வருகிறது. வெட்டு மெசின் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று நாலு நாளாகக் கதை. சேறு காயாமல் மெசின் இறங்காது, சேறு காயும்வரை நெல் நிற்காது. சுமன் வரம்பில் நின்று வானத்தைப் பார்ப்பதும், போனை எடுத்து மெசின்காரனைக் கூப்பிடுவதும், நெற்கதிரை உருவி வாயில் போட்டுக் கடிப்பதுமாக நின்றான். யாரில் கோபம் என்று அவனுக்கே தெரியாத கோபம் அது.

மெசின் கடைசியில் புதன்கிழமை வந்தது. மெசின்காரருக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் சமைக்கவேண்டும் என்று ராக்காயி விடியவே வந்துவிட்டாள். இரண்டு வளவு தள்ளித்தான் அவள் வீடு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்திலிருந்து அடிபட்டு விரட்டப்பட்ட சனத்தோடு வன்னிக்கு வந்தவள். இத்தனை வருஷம் இந்த மண்ணில் புழங்கியும் அவள் வாயில் இன்னும் மலைநாட்டுப் பேச்சுத்தான். குசினியில் சிவப்பரிசிச் சோறு கொதித்தது. பயற்றங்காயை முறித்துப் பால்கறிக்கு வைத்துவிட்டு, சூடை மீனைச் சாம்பலில் தேய்த்து அரிந்துகொண்டிருந்தாள்.

சுகந்தினி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். முன்னுக்குக் குனிகிறபோதெல்லாம் உள்ளே யாரோ கயிறு போட்டு இழுக்கிற மாதிரி ஒரு வலி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, டொக்டர் உங்களைக் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

"நான் எதுக்குடி? வயலு வேலைய யாரு பாக்கிறது?"

"எனக்கு வெட்டேக்கை உள்ளுக்கு என்ன செய்தவை எண்டு கேக்கிறா."

"மாடு முட்டிச்சு. தைச்சாங்க. அவ்வளவுதான்."

"அம்மா."

"மூணாம் மனுஷி கேட்டா இதச் சொல்லு. ரெண்டு புள்ள பெக்கையில இது பத்தாமயா போச்சு?"

"நான் செத்துப்போவன் அம்மா," என்றாள் சுகந்தினி. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் அவளுக்கே பயம் பிடித்தது. கையிலிருந்த தேங்காய்ப் பாதி நழுவி நிலத்தில் உருண்டது. "தெரியாமல் வெட்டினால் குடல் போயிடும் எண்டு சொல்லுறா. பிள்ளையளை ஆர் பாக்கிறது? நீங்களோ? மாடோ?"

ராக்காயி மீனைச் சட்டியில் போட்டாள். மறுபடி எடுத்தாள். கழுவினதையே இன்னொருமுறை கழுவினாள்.

"நான் வாக்குக் குடுத்துட்டேன்டி," என்றாள் கடைசியில். "முகாம் வாசல்ல உன்னைத் தனியா நிக்க வச்சுட்டாங்க. ஒருத்தி வந்து சட்டையத் தூக்கிப் பாக்கிறா. நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். வற்றாப்பளை அம்மாள நெனச்சு நேந்துக்கிட்டேன். தாயே, எம்புள்ளைய என் கையில குடுத்துடு, சாகிற வரைக்கும் மாட்டத் தவிர வேற பேச்சு என் வாயில வராதுன்னு. குடுத்துட்டா. கேட்டத அவ குடுத்துட்டா. இப்ப நான் பேச்சு மாறினா, குடுத்தத திருப்பி எடுத்துக்க மாட்டாளா?"

வெளியே மெசின் இரைகிற சத்தம் கேட்டது. சுகந்தினி தாயைப் பார்த்தாள். இத்தனை வருஷமாகப் பிடிவாதம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது பிடிவாதம் இல்லை. அந்த மனுஷி மகளின் உயிரை வாயில் கவ்விக்கொண்டு திரிந்திருக்கிறாள். அந்த நேரம் தாய்மீது வந்த இரக்கத்தில் அவளுக்கு வலிகூட மறந்துபோயிற்று.

"சரி. பேச்சு மாறவேண்டாம். மாடாவே இருக்கட்டும். மாடு முட்டினாப் பிறகு டொக்டர் என்ன செய்தவர் எண்டதை மட்டும் வந்து சொல்லுங்கோ. அதைச் சொல்லமாட்டன் எண்டு அம்மாளிட்டைச் சொன்னனீங்களே?"

ராக்காயி புளியைக் கரைக்கத் தொடங்கினாள்.

"நீங்கள் வராட்டில் அவை என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் பாப்பினம். காந்தத்துக்குள்ள வைச்சுப் படம் எடுப்பினமாம்."

புளித்தண்ணி ராக்காயியின் விரலிடுக்கால் வழிந்தது. "காந்தமா?"

"ஓம்."

"காந்தம்னா... இரும்ப இழுக்குமே, அதா?"

"அதுதான்."

அதன்பிறகு ராக்காயி ஒரு இடத்தில் இருக்கவில்லை. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனவள், மெசின்காரருக்குச் சோறு போடுவதை விட்டுவிட்டு மருமகனிடம் போய் நின்றாள்.

"மாப்பிள்ளை, அந்தக் காந்தம் எவ்வளவு பெருசா இருக்கும்?"

சுமன் வைக்கோல் தூசியைத் துடைத்துக்கொண்டே, "ஆள் உள்ளுக்குப் போற அளவு குழாய் மாமி," என்றான். மாமியின் முகத்தைப் பார்க்க அவனுக்கு இன்னும் மனம் வரவில்லை.

"ஆளே போற அளவா? அப்ப நல்லா இழுக்குமே."

"ஓம். மோதிரம், தோடு ஒண்டும் போடக்கூடாதாம்."

"உள்ள இருந்தா?"

சுமன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். ராக்காயி பெட்டியை வரம்பில் வைத்துவிட்டு, வெட்டிய நெல்தாளுக்குள் வெறுங்காலோடு விறுவிறென்று நடந்து போய்க்கொண்டிருந்தாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மெசின்காரன் ஹோர்ன் அடித்த பிறகுதான் வழிவிட்டாள். பின்னேரம் நெல் மூட்டைகளைத் தறப்பாள் போட்டு மூடி முடிக்கவும் மழை இறங்கவும் சரியாக இருந்தது. அந்த மழைக்குள்ளும் அவள் வற்றாப்பளைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றாள். சுகந்தினி கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

கிளினிக் நாளன்று சுகந்தினி தாயை எதிர்பார்க்கவில்லை. ஆனால் படலைக்கு வெளியே ராக்காயி குடையோடு நின்றாள். கொடியில் காய்ந்த நல்ல சீலை, நெற்றி நிறையத் திருநீறு. முதல் நாளிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சுமன் அடியில் ஈரம் ஊறிய மூட்டைகளைக் காயவிட ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருவதாகச் சொன்னான். தாயும் மகளும் பஸ்ஸில் போனார்கள். வழியெல்லாம் ராக்காயி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். பொறுக்கிப் பொறுக்கி எதையோ அடுக்குகிறாள் என்று சுகந்தினிக்கு விளங்கியது.

டொக்டர் சுரேகா கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். ராக்காயி அதன் விளிம்பில் குந்தினாள்.

"மாடு முட்டிச்சு டாக்டரம்மா," என்றாள்.

சுகந்தினி தாயின் முழங்கையைப் பிடித்தாள். டொக்டர் எழுத எடுத்த பேனையைக் கீழே வைத்தார்.

"முட்டினதும் கொடலு வெளிய வந்துருச்சு," என்று ராக்காயி தொடர்ந்தாள். "பள்ளிக்கூடத்துலதான் ஆஸ்பத்திரி வச்சிருந்தாங்க. மாஸ்டர் மேசையில கெடத்தினாங்க. கரண்டு இல்ல. நான்தான் டோர்ச் பிடிச்சேன். கண்ண மூடாம பிடிக்கணும்னு டாக்டரு சொன்னாரு. நான் மூடல. எல்லாம் பாத்தேன்."

டொக்டர் பேனையை எடுத்தார். "சொல்லுங்கோ அம்மா. ஆறுதலாச் சொல்லுங்கோ."

"தொப்புளுக்கு மேல இருந்து கீழ வரைக்கும் வெட்டினாரு. சின்னக்கொடலு ரெண்டு எடத்துல ஓட்ட. இம்புட்டு நீளம் வெட்டி எடுத்துட்டு, முனையோட முனைய வச்சுத் தைச்சாரு." முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை காட்டினாள். "வலது பக்கம். பெருங்கொடல்ல கை வைக்கல. கர்ப்பப்பைக்கு ஒண்ணுமில்ல, புள்ள பெத்துக்குவான்னு எனக்குச் சொன்னாரு. திருப்பிக் கேட்டேன், திருப்பியும் சொன்னாரு. மூணா நாளு சீழ் வச்சுது. மறுபடி ஒரு ஓரத்தப் பிரிச்சுக் கழுவினாங்க. அதான் அந்த எடத்துல தோலு தடிப்பா இருக்கு."

டொக்டர் நிறுத்தாமல் எழுதினார். எழுதிக்கொண்டே, "வேற ஏதும்?" என்றார்.

ராக்காயியின் கை முந்தானையை முறுக்கியது. அறையின் மூலையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். "அந்தக் கொம்புல ஒரு முனை," என்றாள். "முறிஞ்சு உள்ளயே நின்னுபோச்சு. முதுகெலும்புக்குக் கிட்ட. அத நோண்டினா ரத்தக்கொழா போயிரும், கெடக்கட்டும்னு விட்டுட்டாரு."

"எவ்வளவு பெரிசு?"

ராக்காயி சுண்டுவிரல் நகத்தைக் காட்டினாள்.

டொக்டர் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார். சொல்லைத் தேடித் தேடிக் கேட்டார். "அந்தக் கொம்பு முனை... காந்தம் இழுக்குமோ அம்மா?"

"இழுக்கும் டாக்டரம்மா. அதுக்குத்தான் ஓடி வந்தேன்."

மேசையில் யாழ்ப்பாணத்துக்கு எழுதி வைத்திருந்த ஸ்கான் துண்டுச்சீட்டு கிடந்தது. டொக்டர் அதை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "அந்த ஸ்கான் வேண்டாம். இவவுக்கு அது கூடவே கூடாது. வேற வழியால பாப்பம்." பிறகு சுகந்தினியிடம் சொன்னார். "யாழ்ப்பாணத்திலைதான் செய்யவேணும். குடல் பாக்கிற சத்திரசிகிச்சை டொக்டரும் பக்கத்தில நிப்பார். ரத்தம் ஆயத்தமா இருக்கும். ஒட்டல் இல்லாத இடமாப் பாத்து வெட்டுவினம். பயம் இல்லை எண்டு நான் பொய் சொல்லமாட்டன். ஆனால் இனிக் கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டமாட்டம்."

சுகந்தினி தலையாட்டினாள். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

டொக்டர் எழும்பி வந்து ராக்காயியின் தோளைத் தொட்டார். "நல்ல விசயம் செய்தனீங்கள் அம்மா. அண்டைக்கு வந்தது ஒரு மாடுதானே? வேற காயம் ஒண்டும் இல்லையே?"

"ஒரு மாடா?" என்றாள் ராக்காயி. அடக்கி வைத்திருந்த வாய் இனி நிற்கவில்லை. "நாள் முழுக்க வந்துச்சு டாக்டரம்மா. மழை மாதிரி வந்துச்சு. நான் டோர்ச் பிடிச்சுக்கிட்டு நிக்கையிலயே பக்கத்து வகுப்புக்குள்ள வந்துச்சு. கூர ஓடு எல்லாம் கொட்டுது. டாக்டரு அப்படியே எம்புள்ள மேல குனிஞ்சுக்கிட்டாரு. கையில பிடிச்ச ஊசிய விடல. தூசி அடங்கினதும் நிமிந்து, 'அம்மா, லைட்டை ஆட்டாதீங்கோ'ன்னாரு. நான் ஆட்டல. இவளுக்குத்தான் மாடு முட்டினது. அந்த வகுப்புல இருந்த புள்ளைங்கள..."

அவள் நிறுத்திக்கொண்டாள். டொக்டர் முகத்தைத் திருப்பி யன்னலுக்கு வெளியே பார்த்தார். தாதி வந்து அடுத்த ஆளைக் கூப்பிடவா என்று கேட்டாள். கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

வெளியே வந்ததும் ராக்காயி மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மாடுன்னுதானே சொன்னேன்? எங்கயும் மாத்திச் சொல்லிடலயே?"

"இல்லை அம்மா. முதலிலிருந்து கடைசி வரைக்கும் மாடு எண்டுதான் சொன்னனீங்கள்."

"சத்தியமா?"

"சத்தியமா."

சுமன் அப்போதுதான் மோட்டார் சைக்கிளை மதிலோரம் சாய்த்துவிட்டு ஓடி வந்தான். முழங்கால் வரை சேறு, தலையில் நெல் உமி. இரண்டு பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். சுகந்தினி டொக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொன்னாள். டோர்ச் பிடித்ததையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். ஒரு கிழமையாக அவன் முகத்தில் கிடந்த வெட்கமும் கோபமும் கரைந்துபோனது அவளுக்குத் தெரிந்தது. மாமியாரின் கையிலிருந்த குடையை வாங்கினான். ஒரு கிழமைக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினான்.

"வெள்ளை நாம்பன்தானே மாமி? நெத்தியில சுட்டி?"

ராக்காயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். வாய் கோணியது.

"நான் எங்க மாப்பிள்ளை மாட்டப் பாத்தேன்?" என்றாள். "புள்ளையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அப்படியே ஆஸ்பத்திரி மதிலோரம் குந்தி, சீலைத்தலைப்பை வாயில் வைத்து அழத் தொடங்கினாள்.